நயினாதீவில் சொன்ன ‘இல்லை’

அநுராதபுரம்
28.01.1990

அன்புத் தங்கச்சி யோசப்பினுக்கு,

நீயும் மச்சான் செபநாயகமும் மருமகன் லயனலும் மாதாவின் காவலில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் உளைவு ஒன்றைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

சிலாபம் பஸ் டிப்போ வேலை போன மாதத்தோடு முடிந்துவிட்டது. மாலை போட்டு, ஒரு சுவர் மணிக்கூடும் தந்து அனுப்பினார்கள். இனிக் குருநகருக்கு வந்து உங்களோடு இருப்பேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது கொஞ்சம் தள்ளிப்போகும் போலிருக்கிறது.

ஹேமபாலவை நீ கண்டதில்லை, பெயர் தெரியும். நான் ஓட்டிய பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் என்னைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவன். அவன் இப்போது புத்த விகாரைகளுக்குப் போகவேண்டும் என்கிறான். பெரியது சிறியது என்றில்லை, வழியில் உள்ள எல்லாவற்றுக்கும். அவ்வளவு காலம் பஸ்ஸில் நின்றும் அவனுக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. மைத்துனனின் பழைய மொறிஸ் மைனர் காரை என் வாசலில் கொண்டுவந்து நிற்பாட்டுவித்து, “கனி, நீதான் ஓட்டவேணும்” என்றான். ஓட்டுகிறேன். இன்னமும் பழக்கத்தில் கதவில் தட்டித்தான் ‘போகலாம்’ என்கிறான்.

நேற்று மிகிந்தலைப் படிகளில் ஏறினோம். அவன் கும்பிடும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன். கையைக் கூப்புவதா, பின்னால் கட்டுவதா என்று தெரியவில்லை. ஏன் இந்தப் பயணம் என்று கேட்காதே. நேரில் சொல்கிறேன்.

சிலாபத்தில் ஒரு கராஜ் முதலாளியிடம் லயனலைப் பற்றிக் கதைத்து வைத்திருக்கிறேன். மோட்டார் வேலை பழகட்டும். அவனை அனுப்பி வை.

உன் குடும்பத்தைத் தேவதாய் ஆசீர்வதிப்பாளாக.

அன்பு அண்ணன்,
கனிசியஸ்

*

குருநகர்
13.02.1990

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கண்டதும் சுகமாக இருக்கிறீர்கள் என்று மனம் ஆறியது. இங்கே இவருக்குச் சளி. எனக்கு நித்திரை குறைவு. மற்றும்படி ஆண்டவர் தந்த அளவில் இருக்கிறோம்.

அண்ணை, கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலையால் நின்ற மனுசன் மடுமாதாவிடம் போகலாம். தலவிலைக் கோயிலுக்குப் போகலாம், சிலாபத்துக்குக் கிட்டத்தானே. விகாரைக்கு ஏன் போகவேண்டும்? இவர் வலை பொத்திக்கொண்டிருந்தவர், வாசித்துக் காட்டியதும் சிரித்தார். “உம்மடை கொண்ணைக்கு அங்கை ஆரோ சிங்களத்தி அம்பிட்டிட்டா. வேறை ஒண்டுமில்லை” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணி மோட்சமாகிப் பத்து வருடமாகிறது. அப்படி ஒன்றென்றால் நேரே எழுதுங்கள், நான் கோபிக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டு லூர்த்தம்மா, “கொண்ணை எப்ப வாறார்?” என்று நாளாந்தம் கேட்கிறா. என்ன சொல்வது? மொட்டையடிக்கப் போய்விட்டார் என்றா?

கராஜ் விஷயத்தை இப்போது விடுங்கள். லயனலுக்கு அது தோதுப்படாது. பிறகு பார்ப்போம்.

பனியில் திரியாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி,
யோசப்பின்

*

தம்புள்ளை
11.03.1990

அன்புத் தங்கச்சிக்கு,

மச்சானின் சளி மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் சுகமாக இருக்கிறேன். கார்தான் சுகமில்லை. ரேடியேற்றர் கொதித்து, வழியில் குளங்குளமாகத் தண்ணீர் அள்ளினோம்.

மச்சானிடம் சொல், எந்தச் சிங்களத்தியும் இல்லை. இந்தத் தலைமயிரோடு எனக்கு யார் வரப்போகிறார்கள்?

ஆனால் விளங்கவில்லை என்கிறாயே, எனக்கும் பல விஷயங்கள் விளங்கவில்லை. சனம் கூட்டமாகப் போகும் இடங்களில் ஹேமபால கனநேரம் நிற்பதில்லை. காட்டுக்குள்ளே, கல்லுக்குள்ளே, மூன்று பிக்குகள் மட்டும் இருக்கும் இடங்களுக்கே போகச் சொல்கிறான். பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பெரிய பிக்குவிடம் தனியே போய்க் கதைக்கிறான். நான் கிணற்றடியில் இருப்பேன். திரும்பி வரும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியாது. கதவில் தட்டுவான், அடுத்த இடத்துக்குப் போவோம்.

நேற்று ஒரு குகையில் படுத்திருக்கும் புத்தர் சிலைக்கு முன்னால் என்னைத் தனியே விட்டுவிட்டுப் போனான். எண்ணெய் விளக்கின் மணம் நம் கோயில் மணம் போலவே இருந்தது. என்னை அறியாமல் பரலோக மந்திரத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். பாதியில் நிற்பாட்டினால் பாவமா, முடித்தால் பாவமா என்று தெரியவில்லை. முடித்தேன். அது யாருக்குப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் இதை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

லயனலுக்கு ஏன் தோதுப்படாது? எதற்கும் அவனையே எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லு.

ஆண்டவர் துணை.

கனிசியஸ்

*

குருநகர்
29.03.1990

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாக ஊர்களைச் சுற்றி வருவீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். இவருக்குச் சளி மாறி, தொழிலுக்குப் போகிறார்.

இந்திய ஆமி போய்விட்டது. இப்போது பாதை திறந்திருக்கிறது, கொழும்பிலிருந்து சனம் வந்து போகிறது. சிங்களச் சனமும் பஸ் பிடித்து நயினாதீவுக்கு வருகிறார்களாம். நீங்களும் பாஸ்குத் திருநாளுக்கு வாருங்கள். உங்கள் சினேகிதரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நேரில் கண்டால் எல்லாம் விளங்கும்.

லயனல் நெல்லியடியில் இவரின் தமக்கை வீட்டில் நின்று ரியூஷனுக்குப் போகிறான். நேரம் இல்லாதபடியால் எழுதவில்லை.

வேறு புதினம் இல்லை. சுகமாக வந்து சேருங்கள்.

யோசப்பின்

*

சிலாபம்
07.04.1990

அன்புத் தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். இது இரண்டு வரிக் கடிதம்தான். வடக்கே போனால் நல்லது என்று தம்புள்ளைப் பக்கத்தில் ஒரு பெரிய பிக்கு ஹேமபாலவிடம் சொல்லியிருக்கிறார். அதனால் பாஸ்கு கழிந்த கிழமை வருகிறோம். கந்தரோடைக்கும் நயினாதீவுக்கும் போகவேண்டும். உன் கையால் ஒடியற் கூழ் வேண்டும். அவனுக்கு நண்டு பிடிக்கும்.

கனிசியஸ்

*

குருநகர்
24.04.1990

அன்புள்ள அண்ணைக்கு,

சிலாபத்துக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனம்தான் சரியில்லை.

நான் செய்த பிழை என்ன என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். வந்த அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாகத்தானே இருந்தோம்? கந்தரோடையில் பனைகளுக்கு நடுவே கிடக்கும் அந்தச் சின்னத் தாதுகோபங்களைக் கும்பிட்டுவிட்டு நேரே இங்கே வந்தீர்கள். ஹேமபால அண்ணை பனையோலைப் பிளாவை இரண்டு கையாலும் பிடித்துக் கூழ் குடித்தார். உறைப்பில் கண்ணீர் வடிய வடிய, “நங்கி, இன்னும் கொஞ்சம்” என்றார். தங்கச்சி என்று தன் பாஷையில் கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. சுவரில் லயனலின் படத்தைக் கண்டு கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நங்கி, மகன் எங்கே?”

“நெல்லியடியிலை படிக்கிறான்” என்றேன்.

“வீட்டுக்கு வாறதுதானே?”

“ஓம், வாறவன்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மற்ற நாள் நயினாதீவுக்குப் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறோம் என்றுதானே போனீர்கள்? நான் கணவாய்க் கறி வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். பின்னேரம் லூர்த்தம்மா வந்து, “உங்கடை கொண்ணையின்ரை கார் பண்ணைப் பாலத்தாலை வந்து நிக்காமல் போட்டுதே” என்றா. இவர் சைக்கிளில் ரவுணுக்குப் போய் விசாரித்தார். கார் கண்டி வீதியால் போய்விட்டதாம்.

அண்ணை, பாலத்தடியிலிருந்து எங்கள் வீடு எவ்வளவு தூரம்? வாசலில் நின்று ‘போட்டு வாறன்’ என்று ஒரு சொல் சொல்லக்கூட முடியவில்லையா? என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

யோசப்பின்

*

சிலாபம்
08.05.1990

என் அன்புத் தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை மீன் லொறி மரியரட்ணத்தின் கையில் கொடுத்து விடுகிறேன். தபாலில் போகும் கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நாளும் ஒன்றையும் சரியாக எழுதவில்லை. அங்கே வந்தபோதும் உன் வீட்டில் அயலவர்கள் நிறைந்திருந்தார்கள், வாய் திறக்க முடியவில்லை. நீ ஒரு பிழையும் செய்யவில்லை. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஹேமபாலவுக்கு ஒரே மகன். பெயர் சுனந்த. படிக்கும் இடத்தில் அரசாங்கத்துக்கு எதிரான பெடியன்களோடு சேர்ந்துவிட்டான். போன வருடக் கடைசியில் இலக்கத்தகடு இல்லாத வாகனத்தில் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவன் அதற்கு முதல்நாளே ஓடிவிட்டான். அவனோடு திரிந்த பெடியன்கள் சிலரைப் பிணமாக ஆற்றில் எடுத்தார்கள். இவன் தலையை மழித்துக் காவியுடுத்து, பிக்குகள் இருக்கும் ஏதோ ஒரு பன்சலையில் ஒளிந்திருப்பதாக ஒருவர் வந்து சொன்னார். எந்தப் பன்சலை என்று தெரியாது. அதைத்தான் தேடிப் போனோம். கும்பிடப் போகிறோம் என்றால் வழியில் மறிப்பவர்களும் விட்டுவிடுவார்கள்.

இனி நயினாதீவில் நடந்ததைக் கேள். குறிகட்டுவானில் வள்ளம் ஏறினோம். ஹேமபால மகனின் சின்னப் படம் ஒன்றைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தான். வள்ளத்தில் பக்கத்தில் இருந்த ஒரு சிங்களப் பெடியன் அன்பாகக் கதை கொடுத்தான். இவன் ஏமாந்து படத்தைக் காட்டிவிட்டான். இறங்கும்போதுதான் தெரிந்தது, அவன் சிவில் உடுப்பில் வந்த நேவிக்காரன்.

விகாரைக்குள் அரசமரத்தடியில் ஒரு இளம் பிக்கு சருகு கூட்டிக்கொண்டு நின்றார். நிமிர்ந்து பார்த்தார். தங்கச்சி, அது சுனந்ததான். பள்ளிக்கூடம் போன காலம் முழுவதும் பஸ்ஸில் என் சீற்றுக்குப் பின்னால் இருந்து வந்த பிள்ளை. மயிரில்லாத தலையோடு, மெலிந்து, வேறு ஆள் மாதிரித்தான் இருந்தான். ஆனாலும் அவன்தான் என்று என் நெஞ்சு சொன்னது.

நேவிக்காரன் பின்னாலேயே வந்து நின்றான். கூட்டாளிகள் இரண்டு பேர் துவக்கோடு நின்றார்கள். படத்தையும் பிக்குவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஐயா தேடி வந்தது இவரையா?” என்று கேட்டான்.

ஹேமபால சிரித்தான். கொண்டக்டர் வேலையில் சில்லறை இல்லை என்று சொல்லும்போது வரும் அதே சிரிப்பு. “இல்லைத் தம்பி. என் மகன் இன்னும் உயரம். இது வேறு யாரோ பெற்ற பிள்ளை. அந்தத் தாய் தகப்பன் புண்ணியம் செய்தவர்கள்” என்றான். பிறகு நிலத்தில் விழுந்து பிக்குவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பிக்கு பாளியில் ஆசீர்வாதம் சொன்னார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. தகப்பன் தலையை எடுக்கக் கனநேரம் சென்றது.

வள்ளத்தால் இறங்கினோம். காருக்குள் ஏறியதும், “எங்கும் நிற்பாட்டாதே கனி. நின்றால் நான் திரும்பி ஓடிவிடுவேன்” என்றான். அதனால்தான் பாலத்தடியில் நிற்கவில்லை. ஆனையிறவு கழிந்ததும் கேட்டேன், “அது சுனந்ததானே?” என்று. “இல்லை” என்றான். வவுனியாவில் தேத்தண்ணி குடிக்கும்போதும் கேட்டேன். “இல்லை.” வீட்டு வாசலில், மனைவி ஓடி வந்து கேட்டபோதும் அதே சொல்.

இப்போது எனக்குத் தலை சுற்றுகிறது. அது சுனந்ததான் என்றால் ஹேமபால என்னிடம் ஏன் ஒளிக்கிறான்? சுனந்த இல்லையென்றால் ஏன் திரும்பி ஓடிவிடுவேன் என்றான்? இராயப்பர் தன் உயிருக்குப் பயந்து ஆண்டவரை மறுதலித்தார். இது எந்த மறுதலிப்பு? பெற்ற பிள்ளையை ஒருவன் முகத்துக்கு நேரே இல்லையென்பானா? நான் கண்டது சுனந்தவா, அல்லது காண ஆசைப்பட்டு வேறு ஒருவரில் அவனைக் கண்டேனா? நீ என்ன நினைக்கிறாய்?

இதை வாசித்ததும் எரித்துவிடு.

அண்ணன்

*

குருநகர்
22.05.1990

அன்புள்ள அண்ணைக்கு,

மரியரட்ணம் அண்ணை வாசலில் நிற்கிறார், அவர் லொறிக்கு ஐஸ் ஏற்றி முடிவதற்குள் எழுதுகிறேன். எரித்துவிட்டேன். நீங்களும் இதை எரியுங்கள்.

அது சுனந்ததான். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நானும் அப்படி ஒரு ‘இல்லை’ சொன்னவள்.

லயனல் நெல்லியடியில் படிக்கவில்லை அண்ணை. மார்கழியில் இயக்கத்துக்குப் போய்விட்டான். யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. பூசைக்குப் போகிறேன் என்று உடுத்துக்கொண்டு போனவன்தான். உங்களுக்கு எழுதப் பேனையை எடுப்பேன், கை வராது. எழுதினால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

மாசியில் இவரின் தமக்கை, நெல்லியடிச் சந்தையில் அவனைக் கண்டதாகச் சொல்லி அனுப்பினா. இழுத்துக்கொண்டு வருவதென்றே போனேன். தேத்தண்ணிக் கடை வாசலில் நாலைந்து பெடியளோடு நின்றான். “தம்பி!” என்று கத்தினேன். திரும்பினான். கண்டான். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது? சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு, அப்பாவிடம் சொல்லாதையுங்கோ என்று பார்ப்பானே, அப்படி. பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஒரு பெடியன் என்னிடம் வந்து மரியாதையாகத்தான் கேட்டான். “அம்மா, உவன் உங்கடை மகனோ?”

“இல்லைத் தம்பி. முகச்சாயல் அப்பிடி இருந்தது. மாறிக் கூப்பிட்டிட்டன்” என்றேன்.

ஏன் சொன்னேன்? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தன்னைப் பற்றி வேறு ஏதும் சொல்லியிருப்பான், நான் ஓம் என்றால் அவனுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று நினைத்தேனா? பிள்ளை கேட்டதைக் கொடுத்தேனா? அல்லது எனக்கே பயமா? திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன். அவனைக் கண்டதை இவருக்கு இன்னும் சொல்லவில்லை. காணவில்லை என்றே சொன்னேன்.

ஹேமபால அண்ணை சொன்னதும் நான் சொன்னதும் ஒரே சொல்தான். அவருடைய சொல் பிள்ளையைக் காப்பாற்றியது. என்னுடைய சொல் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. இதைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

லொறி ஹோர்ண் அடிக்கிறது. சுகமாக இருங்கள்.

யோசப்பின்

*

சிலாபம்
03.06.1990

என் தங்கச்சிக்கு,

சுகம் கேட்டு எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. கராஜ், கராஜ் என்று எழுதி எழுதி உன்னைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டு நாள் யோசித்துவிட்டு ஹேமபாலவிடம் போனேன். அவன் வீட்டுப் பின்பக்கத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். உன் விஷயத்தைச் சொன்னேன். அலவாங்கில் குத்திய தேங்காயை அப்படியே விட்டுவிட்டு நிலத்தில் இருந்துவிட்டான்.

“அந்தப் படத்தைப் பார்த்தபோதே நினைத்தேன். நங்கி ‘வாறவன்’ என்று சொன்ன மாதிரித்தான் என் மனைவியும் ஊராருக்குச் சொல்கிறாள்” என்றான். உரிமட்டையைத் தள்ளிவிட்டு, “ஓம் கனி, அது அவன்தான்” என்றான். “உன்னிடம் ஓம் என்று சொன்னால் மனைவியிடமும் சொல்வேன். அவள் அழுதுகொண்டு அங்கே போவாள். அவள் பின்னால் அவனைத் தேடுகிறவர்கள் போவார்கள். அதனால் எனக்கே இல்லை என்று சொல்லிப் பழகினேன்.”

பிறகு உனக்கு ஒன்று சொல்லச் சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன். “என் மகனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அவனைக் கொல்ல நின்றவர்கள். நங்கியின் மகனுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் அவனுடைய கூட்டாளிகள். நங்கி போய் ஓம் என்று சொல்லலாம். எனக்குக் கிடைக்காத வசதி அது. போகச் சொல்லு.”

அவன் சொல்வது சரியா என்று எனக்குத் தெரியாது. போ என்றும் போகாதே என்றும் சொல்ல எனக்குத் துணிவில்லை. மச்சானுக்கு மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடு. தனியே சுமக்காதே.

மரியரட்ணம் நாளைக்கு வருகிறார்.

கனிசியஸ்

*

அச்சுவேலி
14.10.1990

அன்புள்ள அண்ணைக்கு,

வவுனியாவுக்குப் போகும் ஒரு பங்குச் சுவாமியின் கையில் இதைக் கொடுக்கிறேன். கிடைத்தால் மாதாவின் புதுமை. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். சண்டை தொடங்கிக் கோட்டையைச் சுற்றி ஷெல்லும் குண்டும் விழ, குருநகரில் ஒருவரும் இல்லை. அச்சுவேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். வீட்டுக்குக் கூரை இல்லையாம். இவர் கடலைக் காணாமல் மெலிந்துபோனார். உங்கள் முழங்கால் எப்படி?

ஹேமபால அண்ணைக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். தீவுப் பக்கத்திலிருந்து வந்த மரியநாயகி என்ற மனுசி எங்கள் வகுப்பறையில் இருக்கிறா. வெளிக்கிடும்வரை விகாரைக்குப் பக்கத்தில் இருந்தவ. பெரிய பிக்குவுக்குச் சோறு வாங்க ஒரு இளம் பிக்கு ஆனி மாதம் முழுக்க வந்து போனவராம், தமிழ் நாலு சொல் பழகிவிட்டாராம். அதற்குப் பிறகு தனக்குத் தெரியாது என்கிறா. அவ்வளவுதான் என்னால் அறிய முடிந்தது.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றைக்கே இவருக்குச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். “போவம்” என்று மட்டும் சொன்னார். மற்ற நாள் விடிய இரண்டு பேரும் நெல்லியடிக்குப் போனோம். பெடியள் இருக்கும் வீட்டைத் தேடிப் பிடித்தோம். வாசலில் நின்ற பெடியனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. இவர் வேலியோடு நின்றுகொண்டார். நான் போய், “லயனலின்ரை தாய் நான்” என்றேன்.

“அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை அம்மா.”

“பேரை மாத்தியிருப்பான். என்ரை பிள்ளை உள்ளுக்கை இருக்கிறான். அண்டைக்குச் சந்தையிலை இல்லையெண்டு சொன்னது நான்தான். அது பொய். அவன் என்ரை பிள்ளை” என்றேன். எனக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. வீதியால் போன சனம் நின்று பார்த்தது.

பெடியன் குழம்பிப்போய் உள்ளே போனான். வெயில் ஏறியது. இவர் வந்து, “போவம் யோசப்பின்” என்றார். நான் அசையவில்லை.

கடைசியில் வந்தான். மெலிந்து கறுத்திருந்தான். காலில் செருப்பில்லை. என்னை ஏசப்போகிறான் என்று நினைத்தேன். என்னையும் பார்த்தான், தகப்பனையும் பார்த்தான். மற்றப் பெடியள் பின்னால் வந்து நின்று, “ஆரடா உவை?” என்றார்கள்.

அவன் எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பிறகு அவர்களைப் பார்த்து, “உவ என்ரை அம்மா. அவர் அப்பா” என்றான்.

அண்ணை, அந்த நேரம் எனக்கு என்ன நடந்தது என்று இன்னும் தெரியவில்லை. அவர்கள் கதிரை கொண்டுவந்து போட்டார்கள். தேத்தண்ணி தந்தார்கள். நான் அவனுடைய தலையைத் தடவினேன், சாப்பிட்டாயா என்றேன், காய்ச்சல் வந்ததா என்றேன். அவன் எல்லாவற்றுக்கும் ‘ஓம்’, ‘ஓம்’ என்றான். இவர் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பும்போது தன்னுடைய செருப்பைக் கழற்றி அவனுக்கு முன்னால் வைத்தார். அவன் போட்டுக்கொண்டான். பிறகு பஸ் ஏறினோம்.

அவனைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன் என்பது, பஸ் இந்த அச்சுவேலியைத் தாண்டிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. “திருப்பச் சொல்லுங்கோ” என்று இவரின் கையைப் பிடித்தேன். பஸ் நிற்கவில்லை. அந்தக் கிழமையே சண்டை தொடங்கிவிட்டது.

இங்கே பூசை ஒழுங்காக இருக்கிறது. உங்கள் இரண்டு பேருக்காகவும் செபிக்கிறேன், அந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும்.

அன்புத் தங்கச்சி,
யோசப்பின்